லினக்ஸ் ஓடுற பழைய லேப்டாப்ப விக்கணும்: அப்படியே குடுக்கலாமா, விண்டோஸ் போட்டுக் குடுக்கணுமா?

பழைய_சாவி (பதிவு 1)

வணக்கம் மக்களே. என்கிட்ட ஒரு திங்க்பேட் டி430 இருக்கு, 2012 மாடல், மூணாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், நடுவுல ஹார்ட் டிஸ்க்கத் தூக்கிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், இப்ப டெபியன் 12ங்கற லினக்ஸ் ஓடிட்டு இருக்கு. ஆபீஸ்ல புதுசு குடுத்ததுக்கு அப்பறம் இத மூணு மாசமா தொடல, அலமாரில சும்மா கெடக்குறதுக்கு யாராவது வச்சுக்கட்டுமேன்னு விளம்பரம் போட்டேன்.

ஒரு வாரத்துல நாலு பேர் மெசேஜ் பண்ணாங்க, நாலு பேரும் கேட்ட மொதக் கேள்வி "விண்டோஸ் இருக்கா?". இல்ல, லினக்ஸ்னு சொன்னதும் ரெண்டு பேர் பதிலே போடல. ஒருத்தர் "அப்ப ஆபீஸ் வராதா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். நாலாவது ஆள் "ஓஎஸ் இல்லாத மெஷினுக்கு இந்த வெலையா?"ன்னு கேட்டார் பாருங்க, அதுதான் மனசுல நின்னுடுச்சு. ஓஎஸ் இல்லையாம்!

இப்ப கேள்வி இதான். விண்டோஸ் போட்டு விக்கறதா, இப்படியே விக்கறதா? விண்டோஸ் போட்டா எது போடறது? இத வித்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

டக்ஸ்_அடிமை (பதிவு 2)

அண்ணே தயவு செஞ்சு அந்தப் பாவத்தப் பண்ணாதீங்க. டி430 லினக்ஸுக்குன்னே பொறந்த மெஷின் மாதிரி, வைஃபைல இருந்து ஸ்பீக்கர் பட்டன் வரைக்கும் எதுக்கும் டிரைவர் தேட வேண்டாம். பயாஸுக்கு (மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற புரோகிராம்) பதிலா கோர்பூட் ஏத்துறவங்க, டி420ஓட பழைய ஏழு வரிசைக் கீபோர்ட எடுத்து டி430ல மாட்டுறவங்கன்னு இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அவங்ககிட்ட வித்தா நல்ல வெல கெடைக்கும். தெரியாதவன்கிட்ட ஏன் போறீங்க?

சும்மா_வந்தேன் (பதிவு 3)

அந்தக் கூட்டத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் ஏற்கனவே ஆறு டி430 இருக்குமே ப்ரோ, ஏழாவது வாங்க வீட்ல விடணுமே.

ரிப்பேர்_மேசை (பதிவு 4)

//ஓஎஸ் இல்லாத மெஷினுக்கு இந்த வெலையா//

ஹாஹா, இத நான் வாரத்துக்கு ரெண்டு தடவ கேக்குறேன். பழைய லேப்டாப் சரி பண்ணி விக்கறதுதான் நமக்கு வேல, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல விண்டோஸ் கணக்கு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது தலைமுறைல இருந்துதான் அவங்க லிஸ்ட்ல வரும். உங்களுது மூணாவது தலைமுறை, டிபிஎம் 1.2. குறுக்கு வழில ஏத்தலாம், ஓடவும் செய்யும், ஆனா அப்டேட் தொடர்ந்து வரும்னு மைக்ரோசாஃப்டே உத்தரவாதம் குடுக்கல. நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் ஏறலன்னா வாங்குனவர் மைக்ரோசாஃப்டுக்கு ஃபோன் பண்ண மாட்டார், உங்களுக்குத்தான் பண்ணுவார். விண்டோஸ் 10 போடலாமேன்னா அதுக்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, காசு கட்டியோ கட்டாமயோ ஒரு வருசம் நீட்டிக்கிற திட்டம் இருக்கு, அது வேற கதை. விண்டோஸ் 7ன்னு யாராவது சொன்னா காதப் பொத்திக்கோங்க, அது 2020 ஜனவரியோட முடிஞ்சது.

அடுத்தது லைசென்ஸ். உங்க மெஷின்ல பேட்டரிய கழட்டிப் பாருங்க, அடில விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கும். அந்த நம்பர வச்சு 10க்கு ஏறுற வழிய 2023லயே மூடிட்டாங்க. விண்டோஸ் 8ஓட வந்த மெஷினா இருந்தா ஸ்டிக்கர்ல நம்பர் இருக்காது, பயாஸுக்குள்ளயே இருக்கும், ஏசிபிஐ டேபிள்ல எம்எஸ்டிஎம்னு ஒண்ணு, லினக்ஸ்ல இருந்தே படிக்கலாம். ரெண்டும் இல்லன்னா கிராக் போட்டுத்தான் குடுக்கணும். அத நான் பண்றதில்ல. நல்லவன்னு பேர் வாங்க இல்லங்க, அந்த ஆக்டிவேட்டர் ஃபைல்லயே என்னென்னவோ ஒட்டிட்டு வருது, ஒரு மாசத்துல மெஷின் திரும்பி வரும்.

அதனால என் பதில், லினக்ஸோடவே வித்துடுங்க. ஆனா டக்ஸ் தம்பி சொல்ற மாதிரி தெரிஞ்சவன்கிட்ட மட்டும்தான்னு இல்ல. பிரவுசர், வீடியோ, டைப் அடிக்கறது, பிள்ளைங்க கோடிங் பழகுறது, இவ்வளவுதான் தேவைன்னா லினக்ஸ் தெரியாதவங்களுக்கும் தாராளமா ஓடும். யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்றேன். ஆன்லைன் எக்ஸாம் எழுத லாக்டவுன் பிரவுசர் வேணும்கறவங்க, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகி வேல பாக்கறவங்க, எக்செல் மேக்ரோல உயிர் வாழுறவங்க, ஃபோட்டோஷாப் கேக்கறவங்க. இவங்ககிட்ட "பாத்துக்கலாம், எல்லாம் வரும்"னு சொல்லி வித்தீங்கன்னா ஆயுசுக்கும் நீங்கதான் அவங்க சர்வீஸ் சென்டர்.

பழைய_சாவி (பதிவு 5)

ரொம்ப நன்றிங்க. பேட்டரிய கழட்டிப் பாத்தேன், ஸ்டிக்கர் இருக்கு, 7 ப்ரொஃபஷனல்னு தெரியுது, நம்பர்ல பாதி தேஞ்சு வெள்ளையாயிடுச்சு. ஆக விண்டோஸ் பேச்சு முடிஞ்சது. அப்படியே யூசர் பாஸ்வேர்ட மட்டும் மாத்திக் குடுத்துடவா? என்னோட ஃபைல் எல்லாம் டெலிட் பண்ணிட்டேன்.

ரூட்_அக்கா (பதிவு 6)

நில்லுங்க நில்லுங்க. "டெலிட் பண்ணிட்டேன்"ன்னா ஹோம்ல இருந்த டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரக் காலி பண்ணிருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ரூட்டா உள்ள போயி, ஈடிசி அடில நெட்வொர்க் மேனேஜர், அதுக்கு அடில சிஸ்டம் கனெக்‌ஷன்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஏதாவது ஒரு ஃபைலத் தொறந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. மத்தது அப்பறம் பேசலாம்.

காகிதக்கப்பல் (பதிவு 7)

அக்கா சொல்றது வரட்டும், அதுக்கு முன்னாடி வாங்குற பக்கத்துல இருந்து நான் ஒண்ணு சொல்லிக்கறேன். தீசிஸ் எழுதறதுக்காக ரெண்டு வருசம் முன்னாடி செகண்ட்ஸ்ல ஒரு லேப்டாப் வாங்குனேன், எந்தக் கம்பெனின்னு வேண்டாம். வித்தவர் ஆன் பண்ணிக் காமிச்சார், பளபளன்னு இருந்துச்சு, காசக் குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணலாம்னு பயாஸுக்குள்ள போனா பாஸ்வேர்ட் கேக்குது. வித்தவருக்கு ஃபோன் பண்ணா அவருக்கே தெரியல, அவருக்கு முன்னாடி எவரோ வச்சதாம். பூட் ஆர்டர் மாத்த முடியல, ஒண்ணும் பண்ண முடியல. உள்ள இருக்கற பட்டன் பேட்டரிய கழட்டி ஒரு ராத்திரி பூரா வெளிய வச்சேன், அசையல. அது தனிச் சிப்ல இருக்குமாமே. கடைசில இருந்த ஓஎஸ்லயே தீசிஸ முடிச்சேன்.

அதனால விக்கறவங்க தயவு செஞ்சு பயாஸ் பாஸ்வேர்ட எடுத்துட்டுக் குடுங்க. வாங்க வர்றவங்க முன்னாடியே பயாஸத் தொறந்து காட்டுங்க. எனக்கு யாராவது அப்படிக் காட்டியிருந்தா வெலையப் பத்திப் பேசாமலே வாங்கியிருப்பேன்.

ரிப்பேர்_மேசை (பதிவு 8)

//தனிச் சிப்ல இருக்குமாமே//

ஆமா, பிசினஸ் மாடல்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஈஈப்ராம்ல உக்காந்திருக்கும், கரன்ட் போனாலும் மறக்காது. மதர்போர்ட மாத்தணும், இல்ல சிப்புல கிளிப் மாட்டி நோண்டணும். ஆபீஸ்ல இருந்து மொத்தமாக் கழிக்கற மெஷின்ல இந்தக் கேஸ் நெறைய வரும். கைரேகை ரீடர் இருந்தா அதுல பதிஞ்சத அழிக்கறதையும் சேத்துக்கோங்க, சில ரீடர் ரேகைய தனக்குள்ளயே வச்சிருக்கும், டிஸ்க்க அழிச்சா அது போகாது.

பழைய_சாவி (பதிவு 9)

அக்கா, தொறந்தேன். ஒரு நிமிசம் கை ஓடல.

நாப்பத்தியோரு ஃபைல். ஒவ்வொண்ணும் நான் எப்பவோ ஒரு நாள் கனெக்ட் பண்ண வைஃபை பேர்ல. தங்குன லாட்ஜ், தங்கச்சி வீடு, பழைய ஆபீஸ், மாமனார் வீடு, ஆஸ்பத்திரில அம்மாவுக்குத் துணையா இருந்தப்ப போட்டது. தொறந்தா பிஎஸ்கேன்னு போட்டு பக்கத்துல பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தா நிக்குது. என் தங்கச்சி வீட்டு பாஸ்வேர்ட் அவ பையன் பொறந்த தேதி, அதுவும் இருக்கு. எட்டு வருசம் முன்னாடி வச்சது இன்னும் அதேதான்.

இத நான் யாரோ ஒருத்தருக்கு ரூட் பாஸ்வேர்டோட தூக்கிக் குடுக்க இருந்தேன்.

சும்மா_வந்தேன் (பதிவு 10)

நான் எதையும் விக்கல, ஆனா இதப் படிச்சதும் எந்திரிச்சுப் போயி என் மெஷின்ல பாத்தேன். பாத்துட்டு வந்து தங்கச்சிக்கு ஃபோன் பண்ணிட்டேன். நம்ம எல்லாருக்கும் இப்படி ஒரு தங்கச்சி இருக்கா போல.

ரூட்_அக்கா (பதிவு 11)

அது ஒரு ஃபோல்டர்தான். ஹோம்ல புள்ளி வச்சுத் தொடங்கற மறைவு ஃபோல்டர் எல்லாம் யோசிங்க. எஸ்எஸ்எச் சாவி, ஜிபிஜி சாவி, ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல்ல சேவ் ஆன பாஸ்வேர்டு, பேஷ் ஹிஸ்டரில எப்பவோ அவசரத்துல கமாண்டோட சேத்து அடிச்ச டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. ஹைபர்னேட் பண்ணிப் பழக்கம் இருந்தா மெமரில இருந்தது அப்படியே ஸ்வாப்ல (மெமரிக்குத் துணையா டிஸ்க்ல ஒதுக்குன எடம்) கெடக்கும். இத ஒவ்வொண்ணாத் தேடி அழிக்கறேன்னு உக்காந்தா விடிஞ்சிடும், அப்பவும் ஒண்ணு விட்டுப் போகும். முழு டிஸ்க்கையும் தொடச்சுட்டுப் புதுசா ஏத்துங்க. வேற வழி இல்ல.

டக்ஸ்_அடிமை (பதிவு 12)

சிம்பிள். லைவ் யூஎஸ்பில (பென் டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணி, டிஸ்க் மேல எழுதி அழிக்கற ஷ்ரெட் கமாண்ட் போடுங்க, 35 தடவ ஓட விடுங்க, ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது.

ரூட்_அக்கா (பதிவு 13)

தம்பி, அந்த 35 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுமா? 1996ல பீட்டர் குட்மன் எழுதின கட்டுரைல இருந்து. அப்ப இருந்த விதவிதமான டிஸ்க் எழுத்து முறைக்கெல்லாம் சேத்து அவர் போட்ட பட்டியல் அது. ஒரே டிஸ்குக்கு 35ஐயும் ஓட்டுறதுல அர்த்தம் இல்லன்னு அவரே பின்னாடி எழுதிட்டார். இப்பத்திய சுத்துற ஹார்ட் டிஸ்க்குன்னா ஒரே ஒரு தடவ முழுசா மேல எழுதினாப் போதும்.

ஆனா இவர்கிட்ட இருக்கறது எஸ்எஸ்டி, அங்கதான் சிக்கல். எஸ்எஸ்டில நீங்க "இந்த எடத்துல எழுது"ன்னு சொன்னா அது அதே எடத்துல எழுதாது. செல் சீக்கிரம் தேயக் கூடாதுன்னு உள்ள இருக்கற கன்ட்ரோலர் வேற வேற எடத்துக்கு மாத்தி மாத்தி எழுதும், அது போக வெளிய காட்டாத ஒரு பங்க கைவசம் ஒதுக்கியும் வச்சிருக்கும். நீங்க ஷ்ரெட் ஓட்டுனா கண்ணுக்குத் தெரியற பகுதி மேல எழுதப்படும், ஒதுக்கி வச்ச மூலைல பழைய துண்டு அப்படியே கெடக்கலாம். 35 தடவ ஓட்டுனா எஸ்எஸ்டிக்கு வயசாகும், அவ்வளவுதான்.

அதுக்குன்னு கன்ட்ரோலர்கிட்டயே "எல்லாத்தையும் அழி"ன்னு சொல்ற கட்டளை இருக்கு. சாட்டா டிரைவ்னா எச்டிபார்ம்ங்கற கமாண்ட்ல செக்யூர் எரேஸ். என்விஎம்இன்னா என்விஎம்இ ஃபார்மட்ல செக்யூர் ஆப்ஷன். ஏற்கனவே லக்ஸ் போட்டு மொத்த டிஸ்கையும் என்கிரிப்ட் பண்ணிருந்தீங்கன்னா வேல இன்னும் லேசு, கிரிப்ட்செட்டப்ல எரேஸ் குடுத்தா சாவித் துவாரம் எல்லாம் அழிஞ்சிடும், ஹெட்டருக்கு எங்கயும் பேக்கப் எடுத்து வைக்காம இருந்தா மிச்சம் இருக்கறது வெறும் குப்பை. நீங்க லக்ஸ் போட்டிருக்கீங்களா?

பழைய_சாவி (பதிவு 14)

இல்லக்கா. இன்ஸ்டால் பண்றப்போ கேட்டுச்சு, பாஸ்வேர்ட் ரெண்டு தடவ அடிக்கணுமேன்னு சோம்பேறித்தனத்துல வேண்டாம்னு குடுத்துட்டேன்.

எச்டிபார்ம் போட்டுப் பாத்தேன். டிரைவ் விவரத்துல செக்யூரிட்டின்னு ஒரு பகுதி வருது, அதுல ஃப்ரோசன்னு காட்டுது. எரேஸ் குடுத்தா எர்ரர். என்ன பண்றது?

ரூட்_அக்கா (பதிவு 15)

பயப்படாதீங்க, அது டிரைவோட கோளாறு இல்ல. எவனோ வைரஸ் எழுதறவன் டிரைவுக்குப் பாஸ்வேர்ட் போட்டுடக் கூடாதுன்னு பயாஸே பூட் ஆகறப்போ பூட்டி வைக்குது. லைவ் யூஎஸ்பில இருந்தபடியே மெஷினத் தூங்க வைங்க, சஸ்பெண்ட்தான், ஷட்டவுன் இல்ல. பத்து செகண்ட் கழிச்சு எழுப்புங்க. தூங்கி எந்திரிச்சா பெரும்பாலும் பூட்டு விலகியிருக்கும், "நாட் ஃப்ரோசன்"னு காட்டும்.

அப்பறம் ரெண்டு படி. மொதல்ல டிரைவுக்கு ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் வைக்கணும், அப்பறம் அதே பாஸ்வேர்டோட எரேஸ். பாஸ்வேர்ட "p"ன்ற மாதிரி ஒரே எழுத்தா, ஆங்கில எழுத்துல வைங்க, பேப்பர்ல எழுதி வைங்க. நடுவுல கரன்ட் போச்சுன்னா டிரைவ் பூட்டுன நெலைலயே நிக்கும், அப்ப அந்த எழுத்துதான் சாவி. சார்ஜர் சொருகி இருக்கட்டும். எந்த டிரைவ்னு மூணு தடவ பாருங்க, நீங்க பூட் பண்ண யூஎஸ்பியும் அதே லிஸ்ட்ல நிக்கும்.

பழைய_சாவி (பதிவு 16)

ஆச்சு!! மூடிய மூடித் தொறந்தேன், நாட் ஃப்ரோசன். ரெண்டு நிமிசம் ஆகும்னு அதுவே சொல்லுச்சு, ஒரு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. அப்பறம் பாத்தா பார்டிஷனே இல்ல, எங்க படிச்சாலும் சைபர் சைபரா வருது. எட்டு வருசத்து வேல ஒரு நிமிசத்துல போயிடுச்சுன்னு ஒரு மாதிரியா இருந்துச்சு. பேக்கப் இருக்கு, இருந்தாலும்.

இப்ப என்ன ஏத்துறது? காலி டிஸ்க்கோட குடுக்கறதா?

டக்ஸ்_அடிமை (பதிவு 17)

ஆர்ச் லினக்ஸ் ஏத்துங்கண்ணே, ஐ3 விண்டோ மேனேஜர் போட்டா 8 ஜிபில பறக்கும். பூட் ஆனதும் 300 எம்பிதான் புடிக்கும்.

ரிப்பேர்_மேசை (பதிவு 18)

தம்பி, வாங்க வர்றவர் மெஷின ஆன் பண்ணுவார், கருப்புத் திரைல ஒண்ணுமே இல்லாம ஒரு கோடு மட்டும் தெரியும், "ஸ்டார்ட் பட்டன் எங்க?"ம்பார். நீ போயி கீ பைண்டிங் சொல்லிக் குடுப்பியா?

பழைய_சாவி, காலியாக் குடுக்காதீங்க. காலி டிஸ்க்கப் பாத்தா "மெஷின் வேல செய்யுமா"ன்னு சந்தேகம் வந்துடும், அந்தச் சந்தேகத்துலயே பேரம் அடிச்சுடுவாங்க. லினக்ஸ் மின்ட் எடுத்துக்கோங்க, 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, உங்க மெஷினுக்கு அது போதும். முக்கியமான விசயம், யூஎஸ்பில பூட் ஆகறப்போ வர்ற மெனுவுல ஓஇஎம் இன்ஸ்டால்னு ஒண்ணு இருக்கும், மேனுஃபேக்சரர்களுக்குன்னு போட்டிருக்கும், யாரும் அதத் தொடறதில்ல. அதத் தேர்ந்தெடுங்க. ஓஇஎம்னு ஒரு தற்காலிக யூசரோட ஏறும். அதுல உள்ள போயி அப்டேட் எல்லாம் போட்டு, வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் வேல செய்யுதான்னு பாத்துட்டு, டெஸ்க்டாப்புல இருக்கற "கஸ்டமருக்கு அனுப்பத் தயார் செய்" மாதிரியான ஐகான அழுத்தி ஷட்டவுன் பண்ணிடுங்க. அடுத்து ஆன் பண்றவர்கிட்ட புது லேப்டாப் மாதிரியே மொழி, கீபோர்ட், பேர், பாஸ்வேர்ட் எல்லாம் அதுவே கேக்கும். உங்க தற்காலிக யூசர் தானா காணாமப் போயிடும்.

இத நான் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மெஷின்லயும் "யூசர்"னு ஒரு யூசர், "1234"ன்னு பாஸ்வேர்ட் வச்சு சின்னச் சீட்டு எழுதி ஒட்டிக் குடுத்துட்டிருந்தேன். ரெண்டு வருசம் கழிச்சு அதே மெஷின் சர்வீஸுக்கு வந்தா அதே சீட்டு, அதே 1234.

காகிதக்கப்பல் (பதிவு 19)

விளம்பரத்துல பேட்டரி பத்தி எழுதறப்போ "நல்லா நிக்கும்"னு எழுதாதீங்க ப்ளீஸ், எல்லாரும் அதத்தான் எழுதறாங்க. அப்பவர்னு ஒரு கமாண்ட் இருக்குல்ல, அதுல பேட்டரியக் காட்டச் சொன்னா இப்ப எவ்வளவு நெறையும், புதுசுல எவ்வளவு நெறஞ்சதுன்னு ரெண்டு எண்ணும் வாட் அவர்ல வரும். அந்த ரெண்டையும் போடுங்க. டிஸ்க்குக்கு ஸ்மார்ட்சிடிஎல், எத்தன மணி நேரம் ஓடியிருக்கு, ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போயி மாத்தி வச்ச எடம்) எவ்வளவுன்னு. ராமுக்கு மெம்டெஸ்ட் ஒரு ரவுண்டு. நான் வாங்குற ஆளா இருந்தா ஃபோட்டோவ விட இந்த எண்களத்தான் பாப்பேன்.

ரூட்_அக்கா (பதிவு 20)

மெஷின் விவரம் ஒட்டுறதுக்கு இன்க்ஸி கமாண்ட் நல்லா இருக்கும், மின்ட்ல ஏற்கனவே இருக்கு. ஆனா இசட் ஆப்ஷனோட ஓட்டுங்க, அப்பத்தான் சீரியல் நம்பர், மேக் அட்ரஸ் எல்லாம் மறைச்சுக் காட்டும். ஃபோட்டோ எடுக்கறப்போ அடில இருக்கற சீரியல் ஸ்டிக்கர மறைச்சுடுங்க, நேர்ல வர்றவருக்கு பில்லோட சேத்துக் காட்டிக்கலாம்.

பழைய_சாவி (பதிவு 21)

எல்லாம் ஓட்டிப் பாத்து எழுதிட்டேன். எப்படி இருக்குன்னு சொல்லுங்க:

"திங்க்பேட் டி430, 2012 மாடல், ஒரே ஆள் பயன்படுத்தினது, ஒரிஜினல் பில் இருக்கு. ஐ5, 8 ஜிபி ராம் (16 வரைக்கும் போடலாம்), 240 ஜிபி எஸ்எஸ்டி, 9,400 மணி நேரம் ஓடியிருக்கு, கெட்டுப்போன செக்டர் இல்ல. ராம் டெஸ்ட் பாஸ். ஸ்க்ரீன் 1600க்கு 900, புள்ளி விழல, ஆனா பக்கவாட்டுல இருந்து பாத்தா நெறம் மங்கும், இந்த மாடல் பேனல் எல்லாமே அப்படித்தான். பேட்டரி புதுசுல 56 வாட் அவர், இப்ப 19, சார்ஜர் இல்லாம ஒண்ணேகால் மணி நேரம் நிக்கும். இடது கீல் கொஞ்சம் லூஸ். ஈ எழுத்துப் பட்டன் தேஞ்சு வழவழன்னு இருக்கும், வேல செய்யும். பயாஸ் பாஸ்வேர்ட் இல்ல, நேர்ல காட்டறேன். லினக்ஸ் மின்ட் 22 இருக்கு, நீங்க ஆன் பண்றப்போ உங்க பேர்ல செட்டப் ஆகும். இதுல மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஃபோட்டோஷாப் இன்ஸ்டால் பண்ண முடியாது, லிப்ரே ஆபீஸ் இருக்கு. அதிகாரப்பூர்வமா விண்டோஸ் 11 ஏறாது. கனம் ரெண்டு கிலோவுக்கு மேல."

டக்ஸ்_அடிமை (பதிவு 22)

அண்ணே இது விளம்பரமா, குற்றப் பத்திரிகையா? கீல் லூஸ், பட்டன் தேஞ்சது, ஆபீஸ் வராது, கனம். யார் வாங்குவா?

ரிப்பேர்_மேசை (பதிவு 23)

இல்ல, நல்லா இருக்கு. ரெண்டே திருத்தம். அந்தக் கீல் ஸ்க்ரூவ நீங்களே டைட் பண்ணலாம், ஸ்க்ரீன் சட்டத்தக் கழட்டுனா தெரியும், அஞ்சு நிமிச வேல, பண்ணிட்டு அந்த வரிய எடுத்துடுங்க. அப்பறம் பேட்டரி வெளிய இருந்தே கழட்டுற மாதிரி, யார் வேணா மாத்திக்கலாம்னு ஒரு வரி போடுங்க. இப்ப வர்ற மெஷின்ல பேட்டரி உள்ள ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கு, உங்களுது ஒரு தாழ்ப்பாளத் தள்ளுனா கையோட வந்துடும், அது பெரிய ப்ளஸ். பேட்டரி உப்பியிருக்கான்னு மட்டும் தட்டையான மேசைல வச்சுப் பாத்துக்கோங்க, ஆடுச்சுன்னா விக்காதீங்க, பேட்டரி இல்லாம வித்துடுங்க.

வெல வைக்கறதுக்கு, அதே மாடல வேறவங்க என்ன வெலைக்குப் போட்டிருக்காங்கன்னு பாக்காதீங்க, அதுல பாதி மாசக்கணக்காக் கெடக்கறது. வித்துப்போனது எதுன்னு பாருங்க. எஸ்எஸ்டி போட்டதுக்கு நீங்க செலவு பண்ணது அப்படியே திரும்ப வராது, அத மனசுல இருந்து எடுத்துடுங்க.

சும்மா_வந்தேன் (பதிவு 24)

//கனம் ரெண்டு கிலோவுக்கு மேல//

உடற்பயிற்சிக் கருவின்னு தனியா ஒரு விளம்பரம் போட்டுப் பாருங்க.

பழைய_சாவி (பதிவு 25)

வித்தாச்சு மக்களே! பத்து நாள் ஆச்சு, கொஞ்சம் லேட்டா சொல்றேன்.

மொத்தம் ஆறு பேர் கேட்டாங்க, விண்டோஸ் இருக்கான்னு கேட்டவர் ஒருத்தர்தான், அதுவும் விளம்பரத்தப் படிக்காம. வந்தவர் ஸ்கூல் படிக்கற பொண்ணோட வந்தார். அவர் மூடியத் தட்டிப் பாத்தார், கீலப் புடிச்சு ஆட்டிப் பாத்தார். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல, டெக்ஸ்ட் எடிட்டரத் தொறந்து மேல் வரிசைல இருந்து ஒவ்வொரு பட்டனா அழுத்திட்டே வந்துச்சு. ஈ வந்ததும் ரெண்டு தடவ அழுத்திட்டு என்னப் பாத்துச்சு, "எழுதியிருந்தீங்கல்ல"ன்னு. அப்பறம் நடுவுல இருக்கற செவப்புக் குமிழ என்னன்னு கேட்டுச்சு. மவுஸ் மாதிரி நகத்தலாம்னு காட்டுனேன், அதுக்கு அப்பறம் கைய எடுக்கவே இல்ல. நான் லைவ் யூஎஸ்பில பூட் பண்ணித்தான் எல்லாத்தையும் காட்டுனேன், உள்ள இருந்த மின்ட்டத் தொடல, அத அவங்கதான் மொதல்ல ஆன் பண்ணணும்னு.

சார்ஜரப் புடுங்கிட்டு இருவது நிமிசம் பேசிட்டிருந்தோம். 90ல இருந்து 64க்கு எறங்கிடுச்சு. அவர் சொல்றார், "பேட்டரி வீக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதுக்குக் கொறைக்க மாட்டீங்களா?" சார், அதுக்குக் கொறச்சுத்தான் அந்த வெலையேன்னேன். சிரிச்சார், ஆனா விடல. கடைசில கொஞ்சம் கொறச்சேன், பொண்ணு குமிழ விட மாட்டேங்குது, நான் என்ன பண்றது.

பயாஸத் தொறந்து காட்டுனப்போ மட்டும் அவருக்கு ஒண்ணும் புரியல, "எதுக்கு இது?"ன்னார். காகிதக்கப்பலோட கதையச் சொன்னேன்.

காகிதக்கப்பல் (பதிவு 26)

ஹாஹா, என் தீசிஸுக்கு இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு மரியாத குடுத்ததில்ல. வாங்குனதுக்கு அப்பறம் ஃபோன் வந்துச்சா?

பழைய_சாவி (பதிவு 27)

ஒரே ஒரு ஃபோன். அன்னிக்கு ராத்திரியே. பயந்துட்டே எடுத்தேன். "சார், யூசர் பேர் போட்டாச்சு, கீழ கம்ப்யூட்டருக்கு ஒரு பேர் கேக்குது, என்ன போடணும்?"ன்னார். எது வேணா போடுங்க சார்னேன். பின்னாடி பொண்ணோட கொரல் கேட்டுச்சு. "குண்டு"ன்னு தமிழ்ல போட்டுப் பாத்திருக்கு, எடுத்துக்கல, ஆங்கில எழுத்துலதான் வாங்குது. அப்படி அடிச்சதும் ஏத்துக்கிச்சாம்.

டக்ஸ்_அடிமை (பதிவு 28)

குண்டா!! டி430க்கு இத விடப் பொருத்தமா எவனும் ஹோஸ்ட்நேம் வச்சதில்ல. அந்தப் பொண்ணுக்கு டெர்மினல் மட்டும் யாராவது காட்டிக் குடுங்கப்பா.

பழைய_சாவி (பதிவு 29)

அதுவே கண்டுபுடிச்சுக்கும். இன்னொரு விசயம், அலமாரிய ஒழிச்சப்போ இதே மெஷினோட ரெண்டாவது சார்ஜர் ஒண்ணு கெடச்சுது, 90 வாட், வட்ட பின். அவருக்குச் சொன்னேன், ஒண்ணு போதும்னுட்டார். இங்க யாருக்காவது ஆகுமா?

ரிப்பேர்_மேசை (பதிவு 30)

வட்ட பின் ஒரிஜினலா? தூக்கிப் போட்டுடாதீங்க. என்கிட்ட ரெண்டு மெஷின் சார்ஜருக்காகவே உக்காந்திருக்கு. ஒயர் எங்கயாவது மடிஞ்சு வெடிச்சிருக்கான்னு பாத்துட்டு தனி மெசேஜ் போடுங்க.